பன்ராட்டிக் கோட்டை அசலா, புதிதாகக் கட்டியதா?

இரண்டும்தான். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், ஷானன் விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது பன்ராட்டி. சுவர்கள் அசல், 1425 வாக்கில் மக்னமாரா குலத்தார் எழுப்பியவை. பின்னர் ஓபிரையன் குலத்தார் கைக்கு மாறி, தோமண்ட் பிரபுக்களான அவர்களின் இருப்பிடமானது. 19ஆம் நூற்றாண்டில் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. பெருமண்டபத்தின் கூரையே விழுந்துவிட்டது. 1950களில் கார்ட் பிரபு வாங்கி, அரசின் துணையோடு சீரமைத்தார். 1960களின் தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

உள்ளே இருக்கும் பழைய மேசைகளும் பெட்டிகளும் கோட்டை செழித்திருந்த காலத்தவைதான், ஆனால் பெரும்பாலும் கார்ட் சேகரித்துக் கொண்டுவந்தவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள்: உள்ளே புகும் எதிரியைத் தாக்குவதற்கான துளை தெரியும். படிக்கட்டு மிகக் குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். ஏறிவரும் வலக்கை வாள்வீரனைத் தடுக்கவே கோட்டைப் படிகளை வலஞ்சுழியாகக் கட்டினார்கள் என்ற கதையை இதுபோன்ற இடங்களிலெல்லாம் சொல்வார்கள். வரலாற்றாய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. மாலையில் கோட்டையில் நடக்கும் இடைக்காலப் பாணி விருந்து வெறும் கேளிக்கை. எனக்குப் பகல் நேரமே பிடித்தது.