விளக்கமறியலில் இருக்கும் திருநங்கைத் தோழிக்கு வெளியிலிருந்து என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி: நாங்கள் அக்கரைப்பற்றுப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். எங்கள் தோழி ஒரு திருநங்கை. கடைத்தெருவில் நடந்த ஒரு தகராற்றின்போது அவர் கைது செய்யப்பட்டு, இப்போது மட்டக்களப்புச் சிறைச்சாலையில் விளக்கமறியலில் இருக்கிறார். நீதவான் இரண்டு சரீரப் பிணையில் விடுவிக்கக் கட்டளையிட்டும், வீட்டார் அவரைப் பல வருடங்களுக்கு முன்பே ஒதுக்கிவிட்டதால் கையெழுத்து வைக்க ஆளில்லை. அடையாள அட்டையில் பழைய பெயரும் ஆண் என்ற பதிவும் இருப்பதால் ஆண்கள் பகுதியில் வைத்திருக்கிறார்கள். உதவ நாங்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். அவரைப் பெண்கள் பகுதிக்கு மாற்றும்படி கேட்டு முகநூலில் எழுதலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிணையாளிகளிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் தோழி உள்ளே இருப்பதற்குக் காரணம் அவர் மீதான குற்றச்சாட்டு அன்று. வதிவிடச் சான்றிதழுடன் மன்றில் வந்து நிற்க இரண்டு பேர் இல்லாததுதான் காரணம். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி என்றும் மறுப்பதே விதிவிலக்கு என்றும் கூறுகிறது. ஆனால் வழங்கப்பட்ட பிணை, கையொப்பமிட ஆளில்லாதவருக்கு வெறும் தாள்தான். சிறைக்குள் அவருக்கு எத்தகைய பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றாலும் அது விடுதலைக்கு ஈடாகாது என்பதால், உங்கள் குழுவின் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதியை முதலில் இதற்கே செலவிடுங்கள்.

பிணையாளியாக வருபவர் தேசிய அடையாள அட்டையையும், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டியிருக்கும். நிலையான தொழிலும் ஊரில் அறிமுகமும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். உங்கள் குழுவிலுள்ள மற்றொரு திருநங்கை முன்வந்தாலும், அவருடைய அட்டையிலுள்ள பெயருக்கும் தோற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மன்றில் தேவையற்ற கேள்விகளை எழுப்பக்கூடும். அந்தச் சிரமத்தை அவர் தலையில் வைக்காமல், உங்கள் குழுவுடன் பழகும் ஓர் ஆசிரியரையோ, தையற்கடை நடத்தும் அக்காவையோ கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது பொறுப்பை மறைக்காதீர்கள். வழக்குத் தவணைக்குத் தோழி வராவிட்டால் அவருக்குப் பிடியாணை பிறப்பிக்கப்படுவதுடன், பிணையாளியையும் மன்று அழைத்து விசாரித்து, பிணை முறியில் (பிணையாளி கையொப்பமிடும் உறுதிப் பத்திரத்தில்) குறித்த தொகையை அறவிட இடமுண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதிப்பவர்தான் இறுதிவரை நிற்பார்.

நெருங்கிய உறவினரே பிணை நிற்க வேண்டும் என்று கட்டளையில் இருந்தால், குடும்பம் கைவிட்டமையை விளக்கி, நிபந்தனையை மாற்றும்படி சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் சமர்ப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம். அங்கே செல்லும்போது வழக்கிலக்கத்தையும், பொலிஸார் மன்றுக்குச் சமர்ப்பித்த பி அறிக்கையின் பிரதியையும் கையில் வைத்திருங்கள். அந்த அறிக்கையில் எந்தச் சட்டப் பிரிவு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைச் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டும். திருநங்கையாக இருப்பது இலங்கையில் குற்றமன்று. ஆனால் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் தொடர்பான தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவும், 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. அத்தகைய பிரிவுகள் இருந்தால், சிறிய தண்டப்பணத்துடன் முடிந்துவிடும் என்று எவரேனும் சொல்வதைக் கேட்டு, சட்டத்தரணியுடன் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று தோழிக்குச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த முறை கைது செய்யப்படும்போது அந்த ஒப்புதல் அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படும்.

பெண்கள் பகுதிக்கு மாற்றுவது பற்றி அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணவில்லை. சிலர் பெண்கள் பகுதியை விரும்புவார்கள். சிலர் அங்கும் ஏளனத்துக்கு ஆளாவோம் என்று அஞ்சுவார்கள். வேறு சிலர் ஏற்கெனவே பழகிவிட்ட ஒரு கூடத்தில் தங்களுக்கு ஆதரவாக இருக்கும் இரண்டொருவரை விட்டு நகர விரும்பமாட்டார்கள். வெளியிலிருந்து எழும் அழுத்தத்துக்குச் சிறை நிர்வாகம் மிக எளிதாகக் கொடுக்கும் விடை தனி அறை. பாதுகாப்புக்காக என்று சொல்லி அடைத்தாலும், நாள் முழுவதும் ஆள் முகம் பாராமல் இருப்பது தண்டனைக்கு ஒப்பானது. ஆகவே அவருடைய விருப்பத்தை அறிந்த பின்னரே எதையும் எழுதிக் கேளுங்கள்.

சட்ட நிலை இதுதான். சிறையில் ஆண், பெண் என்ற பிரிப்பு ஆவணத்தைப் பார்த்தே செய்யப்படுகிறது. சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் அதன் வழியே அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். அது தோழியிடம் ஏற்கெனவே இருந்தால் இன்றே அதன் பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் சிறையில் இருக்கும் சில வாரங்களுக்குள் பெற்றுவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். சான்றிதழ் இல்லாத நிலையிலும் எடுத்துக்காட்டக்கூடிய ஒன்று உண்டு. நெல்சன் மண்டேலா விதிகள் எனப்படும், 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட விதிகளின் 7 ஆம் விதி, கைதி தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அதை மதித்தே அவரது விவரங்களைப் பதிய வேண்டும் என்கிறது. தமிழில் இணையத்தில் படிப்பவர்கள் பலர் திருநங்கைகளின் பாலின அடையாளத்தை அங்கீகரித்த இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்குச் செல்கிறார்கள். அது இலங்கை அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தரணி தமது வாதத்துக்கு வலுச்சேர்க்க மன்றில் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான்.

பகுதி மாற்றத்தை விடச் சிறியவையும் விரைவில் கிடைக்கக்கூடியவையுமான கோரிக்கைகள் உண்டு. மற்றவர்கள் முன் உடை களைந்து சோதனையிடாமை, தனியாகக் குளிக்க ஒரு நேரம், தலைமுடியை வெட்டாமை, தூங்கும் இடத்தைக் காவலர் கண்ணில் படும் பக்கம் ஒதுக்குதல் ஆகியவற்றைச் சிறைச்சாலை அத்தியட்சகருக்கு முகவரியிட்டு, நலன்புரி உத்தியோகத்தருக்கும் பிரதியிட்டு, பணிவாகவும் தெளிவாகவும் எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாகப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது அடுத்த கடமை நேரத்துக் காவலருக்குத் தெரியாது.

பார்வையிடச் செல்வது உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். யாரும் தேடி வராத கைதி எளிதில் தாக்கப்படுவார் என்பது சிறையை அறிந்த எவருக்கும் தெரியும். ஒருமுறை எல்லோரும் திரண்டு போவதைவிட, முறைவைத்து ஒவ்வொருவராகத் தவறாமல் போவது நல்லது. அக்கரைப்பற்றிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி இழப்பு என்பதால், பஸ் கட்டணத்தைக் குழுவாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பார்வை நாளையும் நேரத்தையும், கொண்டு போகக்கூடிய பொருட்களையும் வாசலிலுள்ள அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பளிக்கப்படாத கைதி தமது சொந்த உடையையும் வெளியிலிருந்து வரும் உணவையும் பெறச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. கடிதம் எழுதுவதானால், உறையின் மேல் சிறைப் பதிவிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. உள்ளே அவரை அவருடைய பெயரால் அழைக்கலாமா என்பதை நேரில் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஏனென்றால் அதிகாரிகள் அதைத் திறந்து படிப்பார்கள். அவருடைய காதல், உறவு பற்றிய எதையும் எழுதாதீர்கள். ஒரே பாலினத்தவரிடையேயான பாலுறவைக் குற்றமாக்கப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365 மற்றும் 365அ பிரிவுகளை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 இல் கூறியிருந்தாலும், அந்தத் தீர்மானம் மட்டுமே அவற்றை நீக்கிவிடவில்லை.

அவர் ஹோர்மோன் மாத்திரை எடுப்பவரானால், அதைச் சோற்றுப் பார்சலுக்குள் மறைத்துக் கொடுக்க எவரும் நினைக்க வேண்டாம். பிடிபட்டால் அவருக்கும் கொண்டு போனவருக்கும் புதிய வழக்கு உருவாகும். சிகிச்சை அளித்த வைத்தியரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் பெற்று, சிறைச்சாலை வைத்திய அதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். வெளியே தொடங்கிய சிகிச்சை சிறைக்குள் தடைப்படக் கூடாது என்பதையும் மேற்சொன்ன நெல்சன் மண்டேலா விதிகள் வலியுறுத்துகின்றன.

அடி, பாலியல் துன்புறுத்தல் போன்றவை நடந்திருந்தால் தாமதிக்காதீர்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தடுப்பு இடங்களைச் சென்று பார்வையிடும் அதிகாரம் ஆணைக்குழுவுக்குச் சட்டப்படி உண்டு. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இதிலே பலர் தடுக்கி விழுகிறார்கள்: முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடைபெறுவதைக் காட்டும் கடிதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. காயம் இருந்தால் அடுத்த தவணையில் சட்டத்தரணி அதை நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவந்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும்.

முகநூல் வேண்டாம். அவருடைய படமும் கைதும் ஒருமுறை வெளிவந்தால், பிணை நிற்கச் சம்மதித்தவர் பின்வாங்கலாம், வாடகை வீட்டுக்காரர் சாமான்களை வெளியே வைக்கலாம், கூடத்திலுள்ள மற்றக் கைதிகளின் வீட்டாரும் அதைப் படிப்பார்கள். அவரே கேட்டுக்கொண்டு, சட்டத்தரணியும் உடன்பட்டால் மட்டும் பொதுவெளியில் பேசுங்கள்.

பிணையில் வருபவருக்கு, குறித்த நாட்களில் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிடும் நிபந்தனை விதிக்கப்படுவதுண்டு. கைது செய்த அதே நிலையத்துக்குத் தனியே போக அவர் அஞ்சினால், முதல் சில வாரங்களுக்கு ஒருவர் கூடச் செல்லுங்கள். அங்கே தொல்லை தொடர்ந்தால், வேறு நிலையத்தில் கையொப்பமிட அனுமதி கேட்டு மன்றுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் கைதானபோது குடியிருந்த அறையின் வாடகை நிலுவையில் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். பிணை முறியில் எழுதிய முகவரியில் அவர் இல்லாமற்போனால் நீதிமன்றத்தின் அறிவித்தல் அவர் கைக்குக் கிடைக்காது. முகவரி மாறும் பட்சத்தில் மாறிய உடனேயே சட்டத்தரணி ஊடாக மன்றுக்குத் தெரிவித்துவிடுங்கள்.