வாசகர் கேள்வி – பதில்: சேவை செய்பவருக்கு மாதப் பணம்

கேள்வி: சித்தேரி மலையில் ஒரு பெண் தனியாளாக மாலை வகுப்பு நடத்துகிறார். நாங்கள் 20 பேர் ஆளுக்கு ரூ.200 மாதாமாதம் தர நினைக்கிறோம். எப்படித் தருவது? வரிக்கழிவு உண்டா?
– வாசகர் ஒருவர், அரூர்

பதில்: வரிக்கழிவு கிடையாது. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால்தான் அது உண்டு. தனிநபருக்குத் தருவது அன்பளிப்புதான்.

உங்கள் கணக்குப்படி ஆண்டுக்கு ரூ.48,000. இதில்தான் சிக்கல். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொகை எல்லாம் சேர்ந்து ரூ.50,000-ஐத் தாண்டினால், மிகுதி மட்டுமல்ல, முழுத்தொகையும் அவர் வருமானமாகும். வேறு யாராவது ரூ.3,000 தந்தாலே தாண்டிவிடும். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் வரி வராது. ஆனாலும் யார், எப்போது, எவ்வளவு தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். ஒருவர் கையில் வசூலித்துக் கொடுக்கும் ஏற்பாடு நாளடைவில் சந்தேகத்தில்தான் முடியும். அவர் கைச்செலவுக்கு இவ்வளவு, நோட்டு, சாக்பீஸுக்கு இவ்வளவு என முதலிலேயே பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் எல்லாம் பிள்ளைகளுக்கே போய், அவர் பஸ் காசுக்குத் திண்டாடுவார். மூன்று மாதத் தொகையைக் கையிருப்பாக வைத்துத் தொடங்குங்கள். ஏனெனில் ஆறாவது மாதத்திலிருந்து சிலர் நழுவுவார்கள். மாதாமாதம் போட்டோ, அறிக்கை கேட்காதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை இருவர் நேரில் போய்ப் பார்த்தால் போதும்.