பதில்: திண்ணை மரச்சட்டத்துல ஜாயிண்ட் விலகுது

ப்ரோ, கடலூர் கடற்கரை தேவனாம்பட்டினத்துல ஓட்டுத் திண்ணைக்கு 4 இஞ்ச் வேங்கைத் தூண் நிறுத்தி, ஒரு கோடை தாண்டறதுக்குள்ள தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவுல விரல் போற அளவு சந்து விட்டுடுச்சு, இன்னும் நாலு ஆணி அடிக்கலாமா, இல்ல ரவுட்டர் (மரத்துல பள்ளம் எடுக்கிற மிஷின்) வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாம். ஈரம் காயாத மரத்தை மாட்டிருக்காங்க, அது சுருங்கிடுச்சு. இரும்பு ஆணியோ அந்த உப்புக்காத்துல துருப்பிடிச்சு ஊதி மரத்தையே பிளக்கும்.

முதல்ல இருக்கிற ஆணியெல்லாம் புடுங்குங்க, இல்லன்னா உளி வாய் போயிடும். சட்டத்தோட நாக்கு (தூண் துளைக்குள்ள போற முனை) மரத்து கனத்துல மூணுல ஒரு பங்காவது இருக்கணும், மெலிசா இருந்தா சட்டத்தையே மாத்திடுங்க. புதுசு போட்டா நீள அறுப்புக்கு சர்குலர் சா, தூண்ல துளை தோண்ட டிரில் மிஷின், அப்புறம் துளையோட உள்சுவரை நேராக்க உளியும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தி)தான், கையால புடிக்கிற மிஷின்ல அந்த சுத்தம் வராது (என் கருத்து, சண்டைக்கு வராதீங்க).

முக்கியமானது மர ஆணி. தூண்ல மட்டும் அரை இஞ்ச் ஓட்டை போடுங்க, நாக்கை சொருகி அந்த ஓட்டை வழியா குறி வச்சு வெளிய எடுங்க, நாக்குல ஓட்டையை குறியில இருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தோள் (நாக்கு தொடங்கற இடம்) பக்கமா தள்ளிப் போடுங்க. நாக்கைத் திரும்ப சொருகி, நல்லா காய்ஞ்ச மரத்துல செஞ்சு முனை கூரா சீவின ஆணியை அடிச்சா, அதுவே வளைஞ்சு சட்டத்தை தூணோட இழுத்து இறுக்கிடும், பசையே தேவையில்ல. எந்தப் பக்கம் தள்ளணும்னு மாறிட்டா சந்து இன்னும் பெரிசாகும், பாத்து.

தூண் அடி சிமெண்டுக்குள்ள புதைஞ்சிருந்தா ஐப்பசி மழைக்கு முன்னாடி கருங்கல் மேல தூக்கி வச்சிடுங்க.