வால்வு சிவந்தால் வால்வின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: 50 வாட் கிதார் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்34 வால்வுகள், அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள். இருபது நிமிடம் நன்றாக ஒலிக்கிறது. பிறகு உறுமல் மெல்ல ஏறுகிறது, வலப்பக்க வால்வு சிவக்கிறது, பியூஸ் போய்விடுகிறது. புது ஜோடி போட்டும் வலப்பக்கம்தான் சிவக்கிறது. தவிர, வால்யூமை 7-க்கு மேல் ஏற்றினால் ஊளையிடுகிறது. வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்த ஆம்ப்பில் விலை அதிகமான உறுப்புகளில் அது ஒன்று, பழுதாவது அரிது. புது ஜோடி போட்ட பிறகும் அதே பக்கம் சிவக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. குற்றம் வால்வில் இல்லை, அந்த சாக்கெட்டுக்கு வந்து சேரும் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

முதலில் உயிர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 450 வோல்ட் வரை தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மேலுறை போட்ட கிளிப்புகளோடு இணைத்து அதை வடியவிடுங்கள். வடிந்ததா என்பதை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதென்றால் ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். இதில் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ளவரிடம் ஆம்ப்பையும் இந்தப் பதிலையும் சேர்த்துக் கொடுங்கள். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் மெக்கானிக் சொன்ன ஜோசியம் பலித்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் நிஜமாகவே எரியும்.

இப்போது சிவப்பு. வால்வுக்குள் நடுவில் தெரியும் ஆரஞ்சு ஒளி ஹீட்டருடையது. கண்ணாடியின் உட்புறம் ஊதா நிறத்தில் மினுங்குவதும் பெரும்பாலும் இயல்புதான். சாம்பல் நிறப் பிளேட் தகடே கொல்லன் உலை இரும்பு போலச் சிவப்பதுதான் கவலைக்குரியது. இஎல்34-இன் பிளேட் தாங்கும் வெப்பம் 25 வாட். அதற்குள் மின்னோட்டத்தை அடக்கி வைப்பது 5-ஆம் பின்னில் (வால்வின் ஐந்தாம் காலில்), அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற கம்பிவலையில் நிற்கும் மைனஸ் வோல்ட். பயாஸ் என்பது அதைத்தான். இவ்வகை ஆம்ப்களில் பெரும்பாலும் மைனஸ் 35 முதல் 45 வரை இருக்கும். அந்தக் கடிவாளம் தளர்ந்தால் எவ்வளவு நல்ல வால்வும் சிவக்கும்.

உறுமலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு வால்வுகளும் சம அளவு மின்னோட்டம் இழுக்கும்வரை, மின்வழங்கியில் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்கம் அதிகம் இழுக்கத் தொடங்கினால் அந்தச் சமன் குலைந்து, உறுமல் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். எனவே உறுமலைக் கேட்டதுமே அந்த அலையை வடிகட்டும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை எல்லாம் பிடுங்கிப் போட வேண்டியதில்லை.

சோதனை எளிது. ஸ்பீக்கர் இணைப்பை எடுக்காமல், இரண்டு இஎல்34-களையும் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போட்டு, இரு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னை அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மைனஸ் அளவு வர வேண்டும். வலப்பக்கம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பயாஸ் வரும் பாதையே அறுந்திருக்கிறது: 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், விரிசல் விட்ட சால்டர், சாக்கெட்டில் தளர்ந்துபோன பின் முனை ஆகியவற்றைப் பாருங்கள். இரு பக்கமும் சேர்ந்து குறைந்திருந்தால் பயாஸ் மின்வழங்கியின் டயோடையும் சிறிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் முதலில் இரண்டும் சமமாகவே காட்டும் என்று நினைக்கிறேன். இருபது நிமிடம் கழித்துத்தானே சிவக்கிறது? சூடானால் மட்டும் கசியும் ஏதோ ஒன்று இருக்கிறது. என் முதல் சந்தேகம், முந்தைய கட்டத்திலிருந்து ஒலியைக் கொண்டுவரும் 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர். அது கசிந்தால் அந்தக் கட்டத்தின் பிளஸ் வோல்ட் கிரிட்டுக்கு வந்து மைனஸைக் குறைத்துவிடும். வால்வு இல்லாமல் ஆம்ப்பை நெடுநேரம் ஓட்டினால் உயர் வோல்ட் வழக்கத்தைவிட மேலேறி நிற்கும். ஆகவே காத்திருக்காமல், ஹேர் டிரையரால் அந்தக் கெப்பாசிட்டரை இளஞ்சூடாக்குங்கள்.

இதே போன்ற ஓர் ஆம்ப் என் மேசைக்கு வந்தபோது மீட்டர் மைனஸ் 38 காட்டியது. டிரையரை நீட்டியதும் 37, 35, 32 என்று இறங்கி 29-இல் நின்றது. கெப்பாசிட்டரைக் கழற்றி ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன், நல்லது என்றது மீட்டர். ஏமாந்துவிடாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், வேலை செய்யும் இடத்தில் அதன் மேல் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. 9 வோல்ட் சரிவதற்கு 220 கிலோ ஓம் வழியே 41 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே போதும்.

ஆக, இரு பக்கக் கப்ளிங் கெப்பாசிட்டர்களையும் 630 வோல்ட் தாங்கும் பிலிம் வகையில் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை. முதல் முறை போடும்போது 100 வாட் இழை பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் போர்டு வழியாகப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். மங்கினால் சரி. பிறகு நேரடி மின்சாரத்தில் பயாஸைச் சரிபார்க்கலாம். கேதோடில், அதாவது வால்வின் மின்னோட்டம் முழுவதும் கடக்கும் முனையில், 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு மில்லி ஆம்பியர். 450 வோல்ட் பிளேட்டுக்கு 35 மில்லி ஆம்பியர் போதும் என்பது என் பழக்கம். 39-ஐத் தாண்டினால் தாங்கும் அளவில் எழுபது சதவீதத்தைக் கடந்துவிடுகிறீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஆம்ப் அணைந்து, கெப்பாசிட்டர்கள் வடிந்து, வால்வுகளும் ஸ்பீக்கரும் கழன்ற நிலையில், இரு பிளேட் கம்பிகளுக்கிடையே ஒரு தனிச் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6.3 வோல்ட் ஏசி கொடுங்கள். 8 ஓம் முனையில் 0.3 வோல்ட்டை ஒட்டி வந்தால் சுற்றுகள் நலம். இந்தச் சோதனையில் ஆம்ப் அணைந்தே இருக்கிறது; ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

ஊளை தனி நோய். சிவப்பு தீர்ந்த பிறகு பாருங்கள். கிதாரைக் கழற்றிவிட்டு, வால்யூமை ஏற்றி, கிதார் ஒலியை முதலில் பெருக்கும் சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் கேட்டால் வால்வே மைக்காக மாறியிருக்கிறது, இங்கே மட்டும் புது வால்வுதான் மருந்து. கேட்காவிட்டால் காய்ந்த மூங்கில் குச்சியால் உள்கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். அவுட்புட் பிளேட் கம்பி முன்கட்டக் கிரிட் கம்பியை ஒட்டி ஓடினால் ஒலி சுற்றி வந்து தன்னையே ஊட்டிக்கொள்ளும். எந்தக் கம்பியை விலக்கும்போது ஊளை நிற்கிறதோ அதை அங்கேயே கட்டி வைத்துவிடுங்கள்.