மாற்று வடிகட்டி பொருந்தவில்லை. உறையைப் பிரித்ததால் பணம் திரும்பாது என்கிறார் விற்றவர்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கடையில் தண்ணீர் வடிகட்டும் ஜக் ஒன்று வாங்கினேன். அதற்கான மாற்று வடிகட்டிகள் கடையில் விலை அதிகம் என்பதால், ஒன்றரை மாதத்துக்கு முன்பு இணையச் சந்தையில் ஓர் உள்ளூர் விற்பனையாளரிடம் வேறு நிறுவனத் தயாரிப்பை வாங்கினேன். 12 வடிகட்டிகள் கொண்ட பெட்டி, 54 வெள்ளி. விளம்பரத்தில் என் ஜக்கின் மாடலைப் பெயர் சொல்லி ‘கச்சிதமாகப் பொருந்தும்’ என்றும், ‘என்எஸ்எஃப் சான்றிதழ் பெற்றது’, ‘ஈயமும் கிருமிகளும் 99 விழுக்காடு நீங்கும்’ என்றும் எழுதியிருந்தார்கள். போட்டுப் பார்த்தால் வடிகட்டி ஆடுகிறது. ஊற்றிய தண்ணீர் அதன் ஓரமாகவே கீழே இறங்கிவிடுகிறது. கறுப்புத் துகள்களும் வந்தன. இரண்டைப் பிரித்துப் பார்த்தேன், இரண்டும் அப்படித்தான். ‘சுகாதாரப் பொருள், உறையைப் பிரித்தால் பணம் திரும்பாது’ என்று விற்றவர் மறுக்கிறார். இதற்கிடையில் ஜக்கின் மூடிக் கீல் விரிசல் விட்டுவிட்டது. வேறு நிறுவன வடிகட்டியைப் போட்டதால் உத்தரவாதம் செல்லாது என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? இனி எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விற்பனைகள், இரண்டு விற்பனையாளர்கள், இரண்டு தனித்தனிக் குறைகள் உள்ளன. இவற்றைக் கலந்து ஒரே புகாராக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார். முதலில் வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். உங்கள் தரப்பு அங்கேதான் மிக வலுவாக உள்ளது.

‘இந்த மாடலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்’ என்பதை வெறும் விளம்பர வாசகமாக நினைத்துவிடாதீர்கள். பொருளை விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது, சிங்கப்பூரில் நடைமுறையில் உள்ள 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அடுத்து வரும் 14ஆம் பிரிவு, வணிகமாக விற்பவர் தரும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்றும், வாங்குபவர் தெரிவித்த குறிப்பிட்ட நோக்கத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தண்ணீர் தன்னைச் சுற்றிக்கொண்டு இறங்கும்படி உட்காரும் வடிகட்டி எதையும் வடிகட்டுவதில்லை; அது மூன்று அளவுகோல்களிலும் தோற்றுவிடுகிறது. பயனீட்டாளராக வாங்கியவரிடம் இந்தக் கடமைகளை ஒப்பந்த வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்பதை 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டத்தின் 6ஆம் பிரிவு உறுதிப்படுத்துகிறது.

அப்படியானால் ‘உறையைப் பிரித்தால் பணம் திரும்பாது’ என்ற விதி என்னவாகிறது? மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு அது பொருந்தும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டியைப் பிரித்துவிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் பொதுவான உரிமை கிடையாது. குறையுள்ள பொருளுக்கு அது பொருந்தாது. வாங்கியவருக்குப் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்றும், பயனீட்டாளர் இந்த உரிமையை உடன்பாட்டினாலோ விட்டுக்கொடுத்தலாலோ இழக்க மாட்டார் என்றும் பொருள் விற்பனைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. வடிகட்டி ஜக்கில் உட்காருகிறதா என்பதை உறையைப் பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? செயலியில் ‘பொருள் கிடைத்துவிட்டது’ என்ற பொத்தானை நீங்கள் ஏற்கெனவே அழுத்தியிருந்தால், அந்தத் தளத்தின் சொந்தப் பணப் பாதுகாப்புத் திட்டம் முடிந்திருக்கலாம். விற்றவர்மீது உங்களுக்குள்ள சட்ட உரிமை அதனால் முடிந்துவிடாது. ஆனால் ஒன்று: மீதமுள்ள பத்தையும் பிரிக்காதீர்கள், பிரித்த இரண்டையும் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். காலம் கடத்துவதும் பயன்படுத்திக்கொண்டே இருப்பதும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளங்களாகும்.

இதற்கும் மேலாக, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தின் மூன்றாம் பகுதி, அதாவது 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ளதும் ‘லெமன் சட்டம்’ என்று எல்லோரும் அழைப்பதுமான பகுதி, உங்களுக்குக் கைகொடுக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வரும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை விற்றவருடையது. நீங்கள் ஒன்றரை மாதத்தில் இருக்கிறீர்கள். இந்தச் சட்டம் முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் என்ற வரிசையில் செல்லும். அது இயலாதபோதோ நியாயமான காலத்தில் செய்யப்படாதபோதோ விலைக் குறைப்பையோ ஒப்பந்த ரத்தையோ கேட்கலாம். குறை வடிவத்திலேயே இருந்தால் அதே வடிகட்டியில் இன்னொரு பெட்டி வாங்கிப் பயனில்லை என்பதை உங்கள் கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மாற்றித் தருகிறோம்’ என்று இன்னும் ஒரு மாதம் கடத்துவார்கள்.

ஆதாரத்துக்கு ஆய்வகம் தேவையில்லை, கைப்பேசி போதும். ஜக்கின் மேல் கலத்தில் புது வடிகட்டியைச் செருகி, அதன் வளையத்துக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நெருக்கமாகப் படம் எடுங்கள். தண்ணீர் ஊற்றி, அது எங்கே வழிகிறது, மேல் கலம் காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு, ஜக்கோடு வந்த பழைய வடிகட்டி இன்னும் இருந்தால், அதே ஜக்கில் அதே அளவு தண்ணீரை ஊற்றி இன்னொரு காணொளி எடுங்கள். விற்றவர் சொல்லக்கூடிய முதல் பதில் ‘உங்கள் ஜக்தான் கோணல்’ என்பதாகவே இருக்கும். இரண்டாவது காணொளி அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, விளம்பரப் பக்கத்தை இன்றே முழுமையாகத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துச் சேமியுங்கள். அதை நாளைக்கே திருத்திவிடலாம்.

கறுப்புத் துகள்களை உங்கள் புகாரிலிருந்து நீக்கிவிடுங்கள். வடிகட்டிக்குள் இருக்கும், தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றிலிருந்து செய்யப்படும் செயல்படுத்தப்பட்ட கரி புதிதாக இருக்கும்போது தூசியை உதிர்க்கும். முதல் சில முறை தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்வது அதனால்தான். நல்ல தயாரிப்பிலும் இது நடக்கும். பலவீனமான ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, வலுவான குற்றச்சாட்டை மறக்கடித்துவிடும். பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் செய்தியிலோ விமர்சனப் பகுதியிலோ ‘போலி’ என்ற சொல்லையும் தவிருங்கள். இன்ன மாடலுக்குப் பொருந்தும் உதிரிப் பாகம் என்று நேர்மையாகச் சொல்வதற்காக இன்னொருவரின் பெயரைக் குறிப்பிடுவதை வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 28ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அசல் நிறுவனத்தின் சின்னத்தைப் பொறித்து ஏமாற்றுவதுதான் போலி; அது குற்றம். உங்களுக்கு விற்றது அப்படியல்ல. உண்மையில்லாத சொல்லை எழுதினால், குறை சொல்ல வந்தவர் அவதூறு வழக்கில் பதில் சொல்ல வேண்டிவரும்.

விளம்பரத்தின் மற்ற இரண்டு வாசகங்கள் வேறு ரகம். சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரை வடிகட்டாமலேயே குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்கிறது. ஜக்கின் பெரும்பாலான வேலை கிருமிநீக்கத்துக்காகத் தண்ணீரில் சேர்க்கும் குளோரமினின் மணத்தையும் சுவையையும் குறைப்பதுதான். ‘என்எஸ்எஃப்’ (தரங்களை வகுத்துச் சான்றளிக்கும் ஓர் அமெரிக்க அமைப்பு) என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் எதுவும் இல்லை: என்எஸ்எஃப்/ஆன்சி 42 என்ற தரம் சுவை, மணம், குளோரின் ஆகியவற்றுக்கானது, ஈயம் போன்ற உடல்நலம் சார்ந்தவை 53ஆம் தரத்தின்கீழ் வருகின்றன. ‘இந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது’ என்பதும் ‘சான்றிதழ் பெற்றது’ என்பதும் ஒன்றல்ல. சான்றிதழ் இருந்தால் சான்றளித்த அமைப்பின் பட்டியலில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள். தர முடியாவிட்டால், இல்லாத தரத்தை இருப்பதாகக் காட்டியது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வணிக நடைமுறையாகிறது. தண்ணீர் வடிகட்டி விற்ற நிறுவனங்களின் தவறான கூற்றுகள்மீது சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்திருக்கிறது. எனினும் ஆணையம் உங்கள் 54 வெள்ளியை வசூலித்துத் தராது. இந்தக் கூற்றைத் தனியாகப் புகார் செய்யுங்கள், பணத்துக்கான கோரிக்கையைப் பொருத்தத்தின் மேல் மட்டும் நிறுத்துங்கள்.

இனி ஜக். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அவரே விரும்பித் தருவது, அதற்கு அவர் நிபந்தனை வைக்கலாம். உத்தரவாத அட்டையை வரி வரியாகப் படியுங்கள். ஆனால் உங்களுக்கு விற்ற கடையின் சட்டக் கடமை அந்த அட்டையில் அடங்கியதன்று. நான்கு மாதங்களில் கீல் விரிசல் விட்டிருக்கிறது, ஆறு மாத அனுமானம் இங்கும் உங்கள் பக்கம். மேல் கலத்தின் அடியில் உட்காரும் வடிகட்டி மூடியின் கீலை எப்படி உடைத்தது என்பதைக் கடைக்காரர்தான் விளக்க வேண்டும். கீழே விழுந்ததால் உடைந்திருந்தால் மட்டும் இந்த வாதத்தை எடுக்க வேண்டாம்.

இரண்டு விற்பனையாளர்களுக்கும் தனித்தனியாக எழுதி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் சமரச உதவியை நாடலாம். அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கு 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிப்பார்கள். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்குள்ளான கோரிக்கைக்குத் தனிநபர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளி. தாக்கல் இணையத்தில், அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக. வழக்கறிஞர்கள் அங்கே உங்களுக்காக வாதாட முடியாது, ஆகவே என்னைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பின் பதிவுப் பெயரை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் தெரியும் கடைப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்திருந்தால் இந்த வழியில் பணம் வாங்குவது மிகக் கடினம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த முறை வாங்குவதற்கு முன்பு, ஜக்கின் அடியில் பொறித்துள்ள மாடல் எண்ணை விற்பனையாளரின் அரட்டைப் பெட்டியில் எழுதி, ‘இதற்குப் பொருந்துமா, ஓரக்கசிவு இல்லாமல் உட்காருமா?’ என்று கேளுங்கள். ஒரே நிறுவனம்கூடப் பழைய, புதிய ஜக்குகளுக்கு வெவ்வேறு வடிவ வடிகட்டி விற்பதுண்டு. ஒரு வடிகட்டி எத்தனை லிட்டருக்கு, எத்தனை வாரத்துக்கு என்பதையும் கேளுங்கள். நான்கு வாரத்துக்கு என்று எழுதியுள்ளதையும் எட்டு வாரத்துக்கு என்று எழுதியுள்ளதையும் உருப்படி விலையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. முதலில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ‘பொருந்தும்’ என்று அவர் பதில் எழுதினால் நீங்கள் உங்கள் நோக்கத்தைத் தெரிவித்து வாங்கியதற்கு அதுவே சான்று, அதைச் சேமித்துவிட்டுப் பணம் செலுத்துங்கள். பதில் வராவிட்டால் வேறு விற்பனையாளரிடம் வாங்குங்கள்.