ஓக்ஸ் கொலை: யார் மேல் சந்தேகம்?

அன்புள்ள ஐயா,

1943-ல் பஹாமாஸில் நடந்த தங்கச் சுரங்கக் கோடீஸ்வரர் ஹாரி ஓக்ஸ் கொலை பற்றி எழுதியிருந்தீர்கள். மருமகன் டி மாரினி விடுதலையானதோடு கட்டுரையை முடித்துவிட்டீர்கள். அப்போ கொன்றது யார்? ஓக்ஸ் சூதாட்ட விடுதிக்குக் குறுக்கே நின்றதால் அமெரிக்க மாஃபியாதான் முடித்தது என்கிறார்களே. உங்கள் சந்தேகம் யார் மேல்?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

மாஃபியா கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி ஒரு சாட்சியம்கூட அதற்குக் கிடையாது. நான் கொலைகாரனைத் தேடுவதை விட்டு, விசாரணை எங்கே கெட்டது என்று பார்க்க ஆரம்பித்து நாளாயிற்று.

கெட்டது முதல் நாளே. ஜூலை 8 காலை நசாவு நகரில் ஓக்ஸின் உடல் கண்டெடுக்கப்பட்டது. காதுக்குப் பின்னால் நான்கு காயங்கள், பாதி எரிந்த படுக்கை, உடம்பில் ஒட்டிய தலையணை இறகுகள். அப்போது அங்கே கவர்னர், பிரிட்டிஷ் முடியைத் துறந்த எட்டாம் எட்வர்டு, அதாவது விண்ட்சர் கோமகன். அவர் உள்ளூர் போலீசை நம்பவில்லை, ஸ்காட்லாந்து யார்டையும் அழைக்கவில்லை. தனக்குப் பழக்கமான மயாமி துப்பறிவாளர் மெல்ச்சனுக்குப் போன் செய்தார். மெல்ச்சனுடன் பார்க்கர் என்ற ரேகை நிபுணரும் வந்தார், ரேகை எடுக்கும் கேமரா இல்லாமல்! மறுநாள் மாலையே டி மாரினி கைது.

காரணம் சொல்வது சுலபம். ஓக்ஸின் மகள் நான்சிக்குப் பதினெட்டு வயது நிறைந்த இரண்டாம் நாளே, வீட்டுக்குச் சொல்லாமல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகாது. மிச்சத்தைப் பார்க்கர் பார்த்துக்கொண்டார். படுக்கையருகே இருந்த சீனத் தடுப்புத் திரையில் டி மாரினியின் சுண்டுவிரல் ரேகை கிடைத்தது என்றார். அதைப் படம் பிடிக்காமல் ரப்பரில் ஒட்டி எடுத்துவிட்டதால், திரையில் மூலரேகை மிஞ்சவில்லை. அந்தத் திரையில் சுருள் சுருளாக அலங்காரம் உண்டு. ரேகையின் பின்னணியிலோ அது இல்லை. டி மாரினியின் வழக்கறிஞர் ஹிக்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். விசாரணையின்போது டி மாரினியின் கையில் கொடுத்த கண்ணாடித் தம்ளரிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்பது அவர் வாதம். நவம்பரில் ஜூரி டி மாரினியை விடுவித்தது. கூடவே நாடு கடத்தவும் பரிந்துரைத்தது. இது என்ன நியாயமோ!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே தகவல். ஓக்ஸின் நண்பர் ஹரால்டு கிறிஸ்டி அன்றிரவு அதே வீட்டில், ஒரு அறை தள்ளிப் படுத்திருந்தார். இரவு முழுக்க வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். போலீஸ் அதிகாரி கேப்டன் சியர்ஸோ, நள்ளிரவு வாக்கில் நகரில் ஒரு ஸ்டேஷன் வேகனில் கிறிஸ்டியைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். சிறுவயதிலிருந்து தெரிந்த ஆள், முகம் மாறிப்போக வாய்ப்பு குறைவு. சியர்ஸ் தவறாகப் பார்த்திருக்கிறார் என்று கிறிஸ்டி மறுத்துவிட்டார்.

இதனாலேயே கிறிஸ்டி கொலைகாரர் என்று நான் சொல்லமாட்டேன். இரவில் வெளியே போனதை மறைக்க ஒருவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த வண்டியை ஓட்டியது யார், எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்கரும் மெல்ச்சனும் குடைந்திருக்க வேண்டாமா? அவர்கள்தான் ஏற்கெனவே மருமகனைப் பிடித்து வைத்திருந்தார்களே.