ஐ.டி.ஐ. முடித்த மகனுக்கு டெல்டாவிலேயே வேலை உண்டா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவு முடித்து ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். இரண்டரை லட்சம் கொடுத்தால் வளைகுடாவுக்கு அனுப்புவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். அதற்கு மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலத்தை அடகு வைக்க வேண்டும். இங்கேயே வேலை கிடைக்காதா? (மன்னார்குடி வட்டத்து வாசகர்)

பதில்: முதலில், நிலத்தை அடகு வைக்காதீர்கள். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். உங்களிடம் பேசியவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவை புதிதாக வருவதைத் தடுக்கிறது. அது சரியான சட்டம் என்பதே என் கருத்து. ஆனால், இனி இங்கே வேலை பெரும்பாலும் நெல் சார்ந்துதான் வளர முடியும் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூரில் 2024இல் திறந்த டைடல் நியோ பூங்கா பட்டதாரிகளுக்கு உதவும்; உங்கள் மகனுக்குப் பொருந்துவது நவீன அரிசி ஆலை.

முன்பு கையால் அறுத்துக் களத்தில் காயவைத்த நெல், இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்பதே வழக்கமான வரம்பு. குறுவை அறுவடையிலோ மழை குறுக்கிடும். ஆகவே உலர்த்தி, உமியில் எரியும் கொதிகலன், கலர் சார்ட்டர் ஆகியவை இல்லாமல் ஆலை நடத்துவது கடினமாகிவிட்டது. கலர் சார்ட்டரில் கேமரா பழுப்பேறிக் கெட்ட அரிசியைக் கண்ட நொடியில் சிறு வால்வு திறந்து, காற்றை அடித்து அந்த ஒரு மணியை மட்டும் வெளியே தள்ளும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் ஈரம் இருந்தால் வால்வு மக்கர் செய்யும், நல்ல அரிசியும் கழிவில் போகும். இந்தக் கோளாற்றை உள்ளூரிலேயே சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லையென்றால், வெளியூர் மெக்கானிக் வரும்வரை ஆலை காத்துக் கிடக்கும். வயரிங்கும் பேனல் போர்டும் படித்த பிள்ளைக்கு இது எட்டாத வித்தை அன்று.

ஆகவே, உங்கள் மகனை ஓராண்டு தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) ஓர் ஆலையில் சேர்த்துவிடுங்கள். பதிவுசெய்த நிறுவனமாக இருந்தால் தேர்வெழுதித் தேசியச் சான்றிதழும் பெறலாம். உதவித்தொகை குறைவாகத்தான் இருக்கும், இரவு வேலையும் உண்டு. அங்கேயே கொதிகலன் அனுபவமும் கிடைத்தால், கொதிகலன் உதவியாளர் தகுதித் தேர்வை எழுதச் சொல்லுங்கள்; பதிவுபெற்ற கொதிகலனைச் சான்று பெற்றவர் இல்லாமல் இயக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உணவு பதப்படுத்தும் பயிற்சிகளுக்குத் தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்தில் விசாரியுங்கள்.

குறுவை வரத்து தொடங்குவதற்கு முன்பே அவனைச் சேர்த்துவிடுங்கள். நெல் வந்து இறங்கிய பிறகு, நின்று சொல்லிக்கொடுக்க ஆலையில் யாருக்கும் நேரம் இருக்காது.